மணல் தொட்டி அம்மா

குரூப் அசைன்மென்ட்டுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு முறை இருந்தது. நாலு பேரில் ஒருவன் படித்து எழுதுவான். ஒருத்தி முகப்புப் பக்கத்தைக் கலர் பேனாவால் அலங்கரிப்பாள். இன்னொருத்தி கடைக்குப் போய் ஸ்பைரல் பைண்டிங் போட்டு வருவாள். நாலாவது ஆள் தன் பெயரைக் கொடுப்பான், அதிலும் இனிஷியலை விட்டுவிடுவான். மார்க் எல்லோருக்கும் ஒன்றாக வரும். யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. எங்கள் சிவில் துறைத் தலைவர் தெய்வசிகாமணி சாருக்கு மட்டும்தான் வருத்தம்.

எங்கள் குழுவில் படிக்கிற ஆள் கோமதிநாயகம், சங்கரன்கோவில்காரன். நாங்கள் கோமு என்போம். அலங்காரம் நஸ்ரின். பைண்டிங் நான், பூர்ணகலா. கடைக்காரரிடம் சண்டை போட்டு அன்றைக்கே வேலையை முடித்து வாங்க ஒரு வாய் வேண்டும், அது எனக்கு இருக்கிறது என்பதில் குழுவில் கருத்து வேறுபாடே இல்லை. பெயர் மட்டும் கொடுப்பவன் தூத்துக்குடி பிரிட்டோ. ஆள் கதவு உயரம். மூன்று வருடத்தில் அவன் எதையாவது படித்து நான் பார்த்ததில்லை. எப்படித் தேறுகிறான் என்று கேட்டால், அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வான்.

மூன்றாம் ஆண்டில் குக்கர் வந்தது. அதன் உண்மையான பெயர் 'பகிர்வான்'. நாலு நாற்காலி, தலையில் கவிழ்க்க நாலு மூடி, வேலை முடிந்ததும் ஒரு விசில். அதனால் குக்கர். ஒருவர் ஊன்றிப் படித்ததை அவர் தலையிலிருந்து எடுத்து மற்றவர் தலையில் வைக்கும். பெரிய பெரிய கல்லூரிகளில் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது. எங்கள் கல்லூரி எதையும் தாமதமாகத்தான் வாங்கும், வாங்கினால் பெருமையாக வாங்கும். மூடியில் கல்லூரிச் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள்.

"இனிமே பைண்டிங்குக்கு மார்க் கிடையாது," என்றார் தெய்வசிகாமணி சார், என்னைப் பார்த்தபடி. "குழுவுல ஒருத்தர் படிங்க. மிஷின்ல உக்காருங்க. நாலு பேருக்கும் போயிரும். அப்புறம் வைவா, நேர்ல நானே கேள்வி கேப்பேன். அதுக்கு மேலயும் ஒருத்தன் முழிச்சான்னா, நாலு பேரும் அடுத்த வருஷம் இதே பெஞ்சுல உக்காரலாம்."

எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலைகள். கோமு நூலகத்தில் உட்கார்ந்தான். நாங்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். பக்கம் பக்கமாக விழுங்கிக்கொண்டே போனான்.

"எப்படிடா இதெல்லாம் உன் மண்டையில நிக்குது?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"வீட்டு ஆளுங்களோட சேத்து முடிஞ்சு வச்சிருவேன்," என்றான். "ஸ்கூல்லேருந்தே அப்படித்தான். இப்பப் பாரு, சாக்கடைத் தண்ணி வந்ததும் முதல்ல கம்பித் தடுப்பு. துணி, பிளாஸ்டிக்கு ஒண்ணையும் உள்ள விடாது. அது எங்கப்பா. பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் இல்லாம ஒரு ஈ போவ முடியாது. அடுத்தது மணல் தொட்டி. தண்ணி வேகத்தக் குறைச்சா மணலு தானாக் கீழ தங்கிரும். அது எங்கம்மா. எதுக்கெடுத்தாலும் 'மெதுவா எய்யா, மெதுவா'ம்பாங்க. அதுக்கப்புறம் காத்தூட்டுற தொட்டி. சும்மா ஊதிக்கிட்டே இருக்கணும், நிப்பாட்டவே கூடாது. அது எங்க சித்தப்பா."

"அவரு என்ன வேலை பாக்குறாரு?"

"பேசுவாரு."

"கடைசில குளோரின் வருதே?"

"அக்கா. அவ இருக்க எடத்துல கிருமி உயிரோட இருக்காது. மனுசன் இருக்கதே கஷ்டம்."

பிரிட்டோ விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பத்தையே சாக்கடையில் இறக்கிவிட்டு ஒருவன் டீ குடித்துக்கொண்டிருக்கிறானே என்று தோன்றியது.

மறுநாள் காலை ஆய்வகத்தில் நாலு பேரும் மூடியைக் கவிழ்த்துக்கொண்டோம். காதுக்குப் பின்னால் லேசாகக் கூசியது. விசில் அடித்தது. அவ்வளவுதான்.

ஆய்வகத்தை விட்டு வெளியே வரும்போது கம்பித் தடுப்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தச் சாய்வில் நிறுத்துவது, சிக்கிய குப்பையை எப்படி வாருவது, எல்லாம். கூடவே என் தலைக்குள் ஒரு ஆளும் வந்திருந்தார். அடர்ந்த மீசை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, விரலில் மாட்டிச் சுழற்றுகிற சாவிக்கொத்து. வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். நான் கையிலிருந்த போனைச் சட்டென்று துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு விறைத்து நின்றேன்.

எனக்கென்று ஒரு அப்பா இருக்கிறார். நான் குரலை உயர்த்தினால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அப்பாவுக்குப் பயப்படுவது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது.

நஸ்ரின் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவள் மெஸ்ஸில் திடீரென்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என் சைக்கிள்ல காத்தப் பிடுங்கி விட்டது அவதான்," என்றாள். யார் என்று கேட்டேன். "அக்கா. ஆனா எனக்கு அம்மை போட்டப்போ பக்கத்தவிட்டு நகரவே இல்லடி," என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அம்மை போட்டதே கிடையாது.

பிரிட்டோ சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட்டு வந்ததும் குனிவான், காலியானதும் நிமிர்வான். அன்றைக்குப் பாதியில் நிமிர்ந்தான். சுற்றிலும் எல்லோரும் அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பதை ஒரு கவலையோடு பார்த்தான். "மெதுவாச் சாப்பிடுங்கலே," என்றான். "ஒருத்தரும் பிடுங்கிட்டுப் போவல." பக்கத்து மேசைக்காரன் இரண்டாவது தடவையாகச் சாம்பார் கேட்டு எழுந்தான். பிரிட்டோ அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானே போய் வாங்கி வந்து ஊற்றினான்.

கோமு மட்டும் சாதாரணமாக இருந்தான். "இதப் பத்தி எங்க சித்தப்பா என்ன சொல்லுவாருன்னா," என்று ஆரம்பித்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை சித்தப்பா என்ன சொல்வார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சித்தப்பாவைக் கண்டாலே ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது.

சாயங்காலம் பார்க்கிங் ஷெட் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது கோமுவின் போன் அடித்தது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்மான்னு போட்டிருக்கு," என்றான். பிறகு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்கம்மா, யாரு வேணும்?" என்று கேட்டான். பூக்காரம்மாவிடமோ பால்காரம்மாவிடமோ கேட்கிற அதே மரியாதையான குரல்.

"எய்யா, அம்மாடா," என்றது ஒரு குரல். "என்னய்யா இப்படிக் கேக்க?"

கோமு எங்களைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். விடை தெரியாத கேள்வியை முதல் முறையாகப் பார்க்கிற முகம்.

பிரிட்டோ போனைப் பிடுங்கினான். "எம்மா, நாந்தான்," என்றான். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நீங்க மருந்து போட்டீங்களா? முட்டிவலி எப்படி இருக்கு?"

"என்னய்யா குரலு ஒரு மாதிரி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

"ஆமாம்மா. லேசா."

"வெந்நி குடி. வேகமாக் குடிச்சிராத, நாக்கு வெந்துரும். மெதுவா." பிறகு அவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வருகிறார்கள். அப்படியே கோமுவையும் வந்து பார்ப்பார்கள்.

பிரிட்டோ போனை வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. கோமுவின் கண்களில் ஒன்றுமே இல்லை.

"எனக்கு ஒரு அம்மா இருக்கணும்னு கணக்குப் போட்டாத் தெரியுது," என்றான் கோமு. "யாருன்னுதான் தெரியல."

வைவா அடுத்த நாள். தெய்வசிகாமணி சார் என்னிடம் கம்பித் தடுப்பைக் கேட்டார். கடகடவென்று சொன்னேன். குளோரின் என்றார். எனக்கு அது நீச்சல் குளத்தில் போடுவது என்பதற்கு மேல் தெரியவில்லை. நஸ்ரினுக்குக் குளோரின் மட்டும் தெரிந்தது. பிரிட்டோவுக்கு மணல் தொட்டி. நூலகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த கோமு, காற்றூட்டும் தொட்டியைத் தாண்டி ஒரு வரி சொல்லத் தெரியாமல் நின்றான். போச்சு, நாலு பேருக்கும் அடுத்த வருடம் இதே பெஞ்சு என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, கழிவுநீர் வருகிற வரிசையிலேயே கேட்டார். நான், பிரிட்டோ, கோமு, நஸ்ரின். எங்கும் தடங்கல் இல்லாமல் தண்ணீர் சுத்தமாகி வெளியே வந்தது. சார் எழுந்து நின்றுவிட்டார்.

"இதான்யா குரூப்பு," என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "இருபத்தஞ்சு வருஷமா இதுக்காகத்தான் மாரடிச்சுக்கிட்டு இருக்கேன். ஆளுக்குக் கால் பங்கு. ஒருத்தன் சொன்னத இன்னொருத்தன் சொல்லல. முழு மார்க்கு."

"சார், எங்கம்மாவ எனக்குத் தெரியல," என்றான் கோமு.

"அது சிலபஸ்ல இல்லையேப்பா."

நான் என் வாயைத் திறந்தேன். குழுவில் என் வேலையே அதுதானே. சார் முதலில் நம்பவில்லை. பிரிட்டோ அழத் தொடங்கியதும்தான் குக்கர் கம்பெனிக்குப் போன் போட்டார். பெங்களூரிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"மிஷின் கரெக்டாத்தான் சார் வேலை செய்யுது. மத்த காலேஜ்ல ஒருத்தர் படிச்சா நாலு பேர் தலையிலயும் இருக்கும். உங்க டெண்டர்ல நீங்க தனியா ஒரு நிபந்தனை போட்டிருந்தீங்க. படிக்கவா சார்? 'ஒரு மாணவரிடம் இருப்பது எக்காரணம் கொண்டும் இன்னொரு மாணவரிடம் இருத்தல் கூடாது.'"

"ஆமா," என்றார் சார், கொஞ்சம் பெருமையாக. "பரீட்சை விதியிலேர்ந்து எடுத்துப் போட்டேன். பாத்து எழுதுற பழக்கத்த அடியோட ஒழிக்கணும்னு."

"அதான் சார் அப்படியே செஞ்சு குடுத்தோம். எது ஒண்ணும் ஒரு தலையிலதான் இருக்கும். நாலு பேருன்னா நாலாப் பிரிச்சு வச்சிரும். கூட என்ன சேத்துப் படிச்சிருந்தாலும் அதுவும் கூடவே போயிரும்."

"திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"முடியும் சார். வாங்கினவங்க அதை மறுபடி ஊன்றிப் படிச்சிட்டு, குடுத்தவரோட ரெண்டு பேரா உக்காரணும். அப்பப் பிரிக்காம முழுசையும் அவருக்கே குடுத்துரும். அரைகுறையாப் படிச்சா எடுக்காது. மனசாரப் படிக்கணும்."

சார் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "திருப்பிக் குடுங்க," என்றார். "ஆனா மார்க்க நான் திருப்பி வாங்க மாட்டேன்." அவருக்கு அதுதான் பெரிய இரக்கம்.

நானும் நஸ்ரினும் உடனே சரி என்றோம். எனக்குச் சாவிச் சத்தத்தை விடக் கொஞ்சம் மனசில்லைதான். இருந்தாலும் இன்னொருத்தன் அப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிரிட்டோதான் தரமாட்டேன் என்றான்.

இரண்டு நாள் கழித்து அவனை வகுப்புக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் பிடித்தோம். அதற்குள் கோமுவின் போனை வாங்கி அவன் அம்மாவோடு தினமும் பேசத் தொடங்கியிருந்தான். சளி இன்னும் விடவில்லை என்று சொல்லிக் கொண்டிருந்தான்.

"டேய், உனக்குத்தான் அம்மா இருக்காங்கல்ல?" என்றேன். "அப்புறம் அடுத்தவன் அம்மா எதுக்குடா?"

"இருக்காங்க. நல்ல அம்மாதான்," என்றான். அவன் அம்மா ஜெசிந்தா ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஒரு தடவை கல்லூரிக்கு வந்தபோது எங்களையே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். "எங்கம்மா என்னைய எழுப்புறதே 'சீக்கிரம்'னுதான். சீக்கிரம் குளி, சீக்கிரம் தின்னு, சீக்கிரம் ஓடு. பாசந்தான், நான் இல்லைங்கல. ஆனா பூர்ணா, இத்தன வருசத்துல என்னைய ஒருத்தரும் மெதுவான்னு சொன்னதில்ல. மெதுவாச் சாப்பிடலாம்னே எனக்குத் தெரியாது."

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. வராதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோமு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "சித்தப்பாவ எனக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிக்காது பிரிட்டோ," என்றான். "வீட்டுக்கு வந்தார்னா நான் மாடிக்குப் போயிருவேன். இப்ப எனக்குன்னு அவர் ஒருத்தர்தான் இருக்காரு. கண்ண மூடுனா அவருதான் வாராரு. பேசுதாரு."

பிரிட்டோ குனிந்து படிக்கட்டின் விளிம்பைச் சுரண்டினான்.

"ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்க. வந்து நிப்பாங்க. நான் யாருங்கன்னு கேப்பேன். கேக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் என் முகத்துல தெரிஞ்சிரும்லா?"

"தெரியும்," என்றான் பிரிட்டோ. "அவங்க அழுவாங்க. அழுதா முதல்ல மூக்கத் தொடைப்பாங்க. கண்ணத் தொடைக்கவே மாட்டாங்க." பிறகு எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டான். "நான் வச்சிருந்தா நானேல்லா அவங்கள அழ வைக்கணும். குடுத்துருதேன். எப்படிலே படிக்கணும்?"

சனிக்கிழமை காலை படிப்பு. எனக்கு நடந்துகொண்டே சத்தம் போட்டுத்தான் படிக்க வரும். பெண்கள் விடுதி வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, கம்பித் தடுப்பையும் மீசைக்கார அப்பாவையும் மனப்பாடம் செய்தேன். நஸ்ரின் எழுதி எழுதிப் படிப்பவள். வாயில் கடலை மிட்டாய் இல்லாமல் அவளுக்கு எழுத்து ஓடாது. குளோரினையும் அக்காவையும் எழுதி முடிப்பதற்குள் ஒரு பாக்கெட்டைக் காலி செய்துவிட்டாள்.

பிரிட்டோவுக்கு எந்த முறையும் இல்லை. வாழ்க்கையில் எதையும் படித்திராதவனுக்கு முறை எங்கிருந்து வரும்? கோமு தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தான்.

"உங்க வீட்டுல யாரையாச்சும் எடுத்துக்கோ. அவங்களோட எங்கம்மாவ ஒண்ணு ஒண்ணா முடிஞ்சிட்டே வா. அதுக்கப்புறம் நீயே நினைச்சாலும் மறக்காது."

பிரிட்டோ கேன்டீன் ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் டீ கொண்டுபோய் வைத்தேன், அது ஆறிப்போய் ஆடை கட்டியது. கண்ணைத் திறந்தபோது அவன் முகம் பளிச்சென்று இருந்தது.

"எங்கம்மாவத்தான் எடுத்துக்கிட்டேன்," என்றான். "எங்கம்மா எங்கெல்லாம் சீக்கிரம்பாங்களோ அங்கெல்லாம் இவங்க மெதுவான்னு வந்து நிக்காங்க. எழுப்புறது, தல தொடைக்கிறது, பரீட்சைக்கு அனுப்புறது, ஒண்ணு விடாம ஒட்டுதுலே. படிப்புங்கது இதுதானா? இவ்வளவு நல்லாவா இருக்கும்?"

நாங்கள் அவனுக்காகச் சந்தோஷப்பட்டோம்.

முதலில் நான், பிறகு நஸ்ரின், கடைசியில் பிரிட்டோ. ஒவ்வொரு தடவையும் எதிர் நாற்காலியில் கோமு. விசில் அடித்தது. மூன்றாவது விசில் முடிந்து மூடியைத் தூக்கியதும் கோமு, "எம்மா," என்றான். யாரையும் கூப்பிடவில்லை, சும்மா சொல்லிப் பார்த்துக்கொண்டான். தெய்வசிகாமணி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதிக்குத் திரும்பிய நான் என் அறை எதுவென்று தெரியாமல் மூன்று கதவுகளைத் தட்டினேன். வெயிலில் நடந்த கிறுகிறுப்பு என்று நினைத்தேன். நஸ்ரின் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னதுடி?" என்றாள். அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் கூடத்துக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் மீசையும் சாவிக்கொத்துமாக அப்பா. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, யாரோ ஒரு பெரியவர் வருகிறார் என்று நகர்ந்து வழிவிட்டேன். பின்னால் அக்கா, வந்ததுமே நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். கடைசியாக, ஒரு பெரிய தூக்குவாளியோடு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து அந்த அம்மா. கோமு ஓடிப்போய் வாளியை வாங்கி, அவர்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"குரலக் கேக்கணும், பேசு," என்றார்கள். அவன் பேசினான். "சளி போயிருச்சு," என்று அவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பரிமாறினார்கள். பிரிட்டோ தட்டு வந்ததும் குனிந்தான்.

"மெதுவா எய்யா," என்றார்கள் அவனிடம். "நிறைய இருக்கு."

அவன் நிமிர்ந்து, "சரிங்க," என்றான். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்கிற சரிங்க. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இது இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் அவனைச் சம்மதிக்க வைத்தோம். தெரிந்திருந்தும் பார்க்க முடியவில்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்று கோமுவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "பூர்ணா, உங்க ஹாஸ்டல் வராண்டால தண்ணித் தொட்டி பக்கம் ஒரு டைல்ஸ் பேந்து கிடக்கு. பாத்து நட," என்றான்.

அப்பாவின் சாவிக்கொத்து நின்றது. "ஏல, பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல் வராண்டாவுக்கு நீ எப்பப் போன?"

கோமு திருதிருவென்று விழித்தான். அவன் அங்கே காலடி வைத்ததே இல்லை. அக்கா தம்பியைக் குளோரின் பார்வை பார்த்தாள். நான் சிரிக்க வாயெடுத்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த வராண்டா என் நினைவில் இல்லை. காலையில் கிளம்பும்போதுகூட அது எனக்குப் புது இடமாகத்தான் இருந்தது. நான் எங்கே நடந்து படித்தேனோ அது அவனிடம் போயிருந்தது. நஸ்ரினைப் பார்த்தேன். அவளுக்கும் கடலை மிட்டாய் உறைத்திருந்தது. கூட என்ன சேர்த்துப் படித்தாலும் அதுவும் கூடவே போய்விடும் என்று அந்தப் பெங்களூர்ப் பெண் சொன்னாளே. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரிட்டோவைத் திரும்பிப் பார்த்தோம்.

அவன் போன் அடித்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். திரையில் கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மான்னு போட்டிருக்கு," என்றான் பிரிட்டோ. "யாருலே இது? என் போன்ல எப்படி வந்துச்சு?"

கோமு சட்டென்று எழுந்தான். கையைக்கூடக் கழுவவில்லை, இடது கையால் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான்.

"எம்மா, சொல்லு. இந்தா சாப்ட்டுட்டேன், சீக்கிரமா முடிச்சிட்டேன். நீ கிரவுண்டுக்குப் போவலியா இன்னிக்கு?" அவன் வாயில் தூத்துக்குடி வந்துவிட்டிருந்தது. முகமெல்லாம் பாசம். அவனைப் பெற்ற அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருய்யா போன்ல?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

அவன் போனைப் பொத்திக்கொண்டு அவர்களைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "அம்மா," என்றான்.

பிறகு போனை மறுபடி காதில் வைத்தான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். கோமுவின் கண் பிரிட்டோவிடம் போய் நின்றது.

"ஆமாம்மா," என்றான். "லேசா சளி."

நான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன். "நாளைக்குக் காலைல மொத வேலையா உக்காந்து திருப்பிக் குடுத்துரு," என்றேன். "ஆனா இந்தத் தடவ யாரோடயும் முடிஞ்சு வைக்காதடா. சும்மா படி."

கோமு கூடத்துக்குள் பார்த்தான். தூக்குவாளி, மீசை, கைக்குட்டை, கரண்டியோடு நிற்கிற அம்மா என்று ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"எனக்கு வேற மாதிரி படிக்கத் தெரியாதே பூர்ணா," என்றான்.

உள்ளே அந்த அம்மா பிரிட்டோவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்கள். அவன் நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடியே மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.